நாற்பது டன் கிரேன்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து காற்று. ஆபீஸ் கூரைத் தகடு படபடவென்று அடித்தபடியே இருந்தது. யார்டு முழுக்கக் கல்தூசி, பல்லில் நறநற. கிரானைட் பிளாக்குகளுக்கு நம்பர் எழுதும் வேலை. சிவப்புப் பெயின்ட் தீர்ந்துபோய் பச்சையில் எழுதினேன். ஒருவரும் கவனிக்கவில்லை. பதினாறு வருடமாக இந்த யார்டில் நம்பரைப் படிப்பவள் நான் ஒருத்திதான்.

மதியம் முதலாளி போன். (இனி மு. என்றே எழுதப்போகிறேன். முழு வார்த்தைக்குத் தகுதி இல்லை.)

"ஏம்மா, புதங்கெழம தருமபுரில ஒரு மீட்டிங்கு. ஏதோ துறைமுகத்துக்காரங்க வர்றாங்களாம். நீயும் வந்துரு."

"நாம மெட்ராஸ் வழியாத்தானே சார் அனுப்பறோம்? நல்லாத்தானே போவுது?"

"அட, என்னதான் சொல்றாங்கன்னு கேட்டுட்டு வரலாம். சாப்பாடு வேற போடறாங்களாம்."

மலையை வெட்டிக் கடல் தாண்டி விற்கிற ஆள். சாப்பாடு என்றதும் குரலில் அப்படி ஒரு குழைவு.

வாங்க: பெயின்ட், அளவு டேப், தலைவலி மாத்திரை (இரண்டு அட்டை).

ஜூலை 9, புதன்

மீட்டிங். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டல், மாடி ஹால். ஏசி ஒரு மூலைக்கு மட்டும். அந்த மூலையில் மேடை.

வந்திருந்தவர்கள்: கல் யார்டுக்காரர்கள், மாம்பழக்கூழ் ஆலைக்காரர்கள், புளி வியாபாரி ஒருவர். கப்பலைக் கண்ணால் பார்த்தவர்கள் அதிகபட்சம் மூன்று பேர் இருக்கும்.

துறைமுகத்தின் மார்க்கெட்டிங் அதிகாரி பிரபாகர். வயது முப்பத்தைந்துக்குள். கோட்டு. ஆடிக்காற்று அடிக்கிற ஊருக்குக் கோட்டு. கிழக்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுகம், அதற்குச் சரக்கு தேடி ஊர் ஊராக வருகிறார்களாம். பேச ஆரம்பித்ததும் முதல் வாக்கியமே, "நாங்க துறைமுகம் இல்லீங்க, நாங்க ஒரு சொல்யூஷன்."

கடல் எங்கே இருக்கிறது என்று கேட்க நினைத்தேன்.

ஆளுக்கு ஒரு வழவழப்பான புத்தகம் கொடுத்தார்கள். சேவைகள், வசதிகள். நாற்பது டன் கிரேன். ஆழமான கப்பல் தளம். மூடிய கிடங்கு. எடைமேடை. மாலுமிகள் ஓய்வு மையம். இருபத்துநாலு மணி நேரமும் குடிநீர், மின்சாரம், புன்னகை. புன்னகை என்று அச்சடித்தே இருக்கிறது. அட்டையில் ஒரு பெரிய கப்பல் படம். அந்தக் கப்பல் அந்தத் துறைமுகத்துக்குள் நுழைந்தால் திரும்ப இடம் இருக்காது என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

கேள்வி நேரம். புளி வியாபாரி, "மழ வந்தா நனையுமா?" என்று கேட்டார். அன்றைக்குக் கேட்கப்பட்ட ஒரே அறிவுள்ள கேள்வி. பிரபாகர் அதற்கு ஒரு வீடியோ போட்டார்.

நான் எழுந்து, "கிரேன் நாப்பது டன்னு போட்டிருக்கீங்க. எவ்ளோ தூரத்துல வெச்சு நாப்பது?" என்றேன்.

"மேடம், வெரி குட் க்வெஸ்டின். நீங்க ஒரு தடவ நேர்ல வந்து பாருங்க, எல்லா டவுட்டும் கிளியராயிடும்."

பதில் தெரியாதவன் எல்லாம் கேள்வியைப் பாராட்டுகிறான்.

மு. பக்கத்தில் இருந்து என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்காத குறை. "உக்காரும்மா, எல்லாரும் பாக்கறாங்க."

சாப்பாடு: பிரியாணி குழைந்திருந்தது. மு. இரண்டு முறை வாங்கினார்.

ஜூலை 10, வியாழன்

மு. நேற்றிலிருந்து வேறு மனிதர். தருமபுரி மாவட்டத்திலிருந்து அந்தத் துறைமுகம் வழியாக அனுப்பும் முதல் ஆளாக அவரே இருக்க வேண்டுமாம். பிரபாகர் அவரிடம் "ஃபர்ஸ்ட் மூவர்" என்றிருக்கிறான். அதற்கு அர்த்தம் என்னவென்று என்னைக் கேட்டார். முதலில் மாட்டிக்கொள்பவர் என்று சொல்ல வாய் வந்தது. "முன்னோடிங்க சார்" என்றேன். முகம் மலர்ந்தது.

என்னையும் இஸ்மாயில் பாயையும் போய்ப் பார்த்து வரச் சொல்லிவிட்டார். பாய் எங்கள் டிரெய்லர் டிரைவர். எந்த வளைவில் திரும்பாது, எந்தப் பாலம் தாங்காது என்று அவர் பார்க்க வேண்டும். நான் மற்றதை.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "கடல் காத்து ஒடம்புக்கு நல்லது" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். இருபத்திரண்டு வருடக் கல்யாணம்.

ஜூலை 14, திங்கள்

விடிகாலையில் மு.வின் பழைய காரில் கிளம்பிப் பகல் பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வெயில் கொளுத்தியது. உப்புக் காற்றில் மூக்குக்கண்ணாடி பிசுபிசுத்தது.

கேட்டில் வரவேற்க பிரபாகர் இல்லை. "மினிஸ்ட்ரி மீட்டிங்" என்று மெசேஜ். நல்லதாய்ப் போயிற்று. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாங்களே சுற்றினோம்.

மூடிய கிடங்கு: மூடித்தான் இருக்கிறது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை.

எடைமேடை: மேலே ஒரு படகு கவிழ்த்து வைத்திருக்கிறது. பெயின்ட் அடிக்கிறார்கள்.

மாலுமிகள் ஓய்வு மையம்: கேரம் போர்டு ஒன்று, ஆடு இரண்டு. ஆடுகள் ஓய்வில்தான் இருந்தன.

குடிநீர்: பாய் குடித்துப் பார்த்துத் துப்பினார். "இதுக்குக் கடல் தண்ணியே தேவல."

கப்பல் தளம்: நீளம் சரி. தூர் வாரிப் பல வருடம் ஆகிறதாம். சின்னக் கப்பல்தான் வர முடியும். சின்னக் கப்பலில் சொந்தக் கிரேன் கிடையாது. ஆக எல்லாம் இங்கே நிற்கும் அந்த ஒரே கிரேனை நம்பித்தான்.

கிரேன் தளத்தின் நடுவில் நின்றது. மஞ்சள். புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், துருவின் மேலேயே. நிழலில் உட்கார்ந்து ஒருவர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஆபரேட்டர், பெயர் மரியதாஸ். எங்களைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டு எழுந்தார். அங்கே எங்களைப் பார்த்து எழுந்த ஒரே ஆள்.

அதே கேள்வியை அவரிடம் கேட்டேன். அவர் பாராட்டவில்லை. பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளியைத் தூக்கி மார்போடு வைத்துக்காட்டினார்.

"இப்படி வெச்சா எவ்வளவு நேரம் வேணாலும் நிப்பேன். இப்ப கைய நீட்டறேன் பாருங்கம்மா." நீட்டினார். கை நடுங்கியது. தண்ணீர் சிந்தியது. "அவ்வளவுதான். கிட்டக்க வெச்சா நாப்பது டன். கப்பல் வரைக்கும் நீட்டினா இருவது. புத்தகத்துல மொத வரிய மட்டும் போட்டுக்கிட்டாங்க."

"எங்க கல்லு இருவத்திநாலு டன்னுங்க."

"அப்ப நான் மேல ஏறமாட்டேன்மா." சிரிக்காமல் சொன்னார். "தரையும் சரியில்ல. கிரேனோட கால் ஊன்ற எடத்துல அடியில மண்ணு அரிச்சுப்போய்க் கெடக்கு. தட்டிப் பாருங்க."

பாய் குதிகாலால் தட்டினார். பானையைத் தட்டுவது போலக் கேட்டது.

"இத மேல சொன்னீங்களா?"

"வாயால மூணு தடவ சொல்லியாச்சு. எழுதிக் குடுன்னாங்க. எழுதிக் குடுத்தா கையெழுத்துப் போட்டு வாங்க மாட்டேங்கறாங்க."

போன் நம்பர் வாங்கிக்கொண்டேன். மத்திக் கருவாடு ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பினார். கார் முழுக்க வாசனை. திரும்பும்போது மொரப்பூரில் டீக்கு நிறுத்தினோம். பாய், "அந்த ஆளு ஒருத்தருதான் அங்க துறைமுகம்" என்றார்.

ஜூலை 15, செவ்வாய்

ரிப்போர்ட் இரண்டு பக்கம் டைப் செய்து மு. மேஜையில் வைத்தேன். முதல் வரி: இந்த வழியாக அனுப்ப முடியாது.

படிக்கவில்லை. எடை பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்தார். "ரெண்டு பக்கமா? சுருக்கமா சொல்லும்மா."

சொன்னேன். வாளிக் கதையும் சொன்னேன்.

"ஒரு ஆபரேட்டர் சொல்றத வெச்சு முடிவு பண்ணிருவியா? அவன் சோம்பேறியா இருப்பான்."

பாயைக் கூப்பிட்டுக் கேட்டார். பாய், "ரோடு பரவால்லீங்க. கடல்தான் சரியில்ல" என்றார். மு. இதை ஜோக் என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தார்.

மொட்டை வெயில். மாலை ஒரு தூறல், மண் வாசனைகூட வரவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

எழுதக் கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

அந்தத் துறைமுகத்தில் எங்கள் முதல் கல்லைக் கப்பலேற்றும் விழா, வருகிற 31ஆம் தேதி என்று முடிவாகிவிட்டது. பெரிய இடத்து ஆள் ஒருவருக்கு அன்றைக்குத்தான் நேரமாம். ஆடியில் புதுத் துடைப்பம்கூட வாங்காத மு., சாமியும் சம்மதித்துவிட்டது என்கிறார். ஆறு பிளாக் அனுப்புகிறோம். துறைமுகத்திலிருந்து எடைப் படிவம் வந்தது. கூடவே பிரபாகர் போன், மு. ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், இருபதுக்கு மேல காட்டினா சிஸ்டம் அக்செப்ட் பண்ணாது. உங்க கிட்ட நெட் அளவுன்னு ஒண்ணு இருக்குமே? அதப் போடுங்களேன்."

எங்கள் தொழிலில் கல்லுக்கு இரண்டு அளவு. உள்ளபடி அளப்பது ஒன்று. ஓரம் மூலை வீணாகும் என்று நாலா பக்கமும் கழித்துவிட்டு வாங்குபவனுக்குச் சொல்வது இன்னொன்று, அதுதான் நெட். இருபத்துநாலு டன் கல் நெட் கணக்கில் பத்தொன்பது. வாங்குபவனுக்கு அது நியாயம். கிரேனுக்கு? தூக்கும்போது ஓரமும் மூலையும் இறங்கி நடந்தா வரும்?

இந்தக் கழிசடைப் பயல் இதை எங்கே கற்றான்?

"போட்டுரும்மா" என்றார் மு.

"சார், அது வெலைக்கான அளவு. எடையில்ல."

"தெரியும்மா. ஒரு தடவதான். விழா முடிஞ்சா அப்பறம் பாத்துக்கலாம்."

டைப் செய்தேன். ஆறு கல்லுக்கும். 19, 19, 18, 19, 19, 18. இந்த விரல்களால். கீழே "தயாரித்தவர்" என்ற இடத்தில் என் இனிஷியல்.

அவர்களையெல்லாம் இவ்வளவு கேவலமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். டைப் செய்தவள் யார்?

மாலை நம் ஊர் எடைமேடையில் போட்ட உண்மை ரசீதுகளைப் போனில் படம் பிடித்து மரியதாஸுக்கு அனுப்பினேன். வேறொன்றும் எழுதவில்லை. "பார்த்தேன் அம்மா" என்று பதில். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் புளி கொட்டை எடுத்தேன். கையில் கறை.

ஜூலை 31, வியாழன்

துறைமுகத்திலிருந்து திரும்பி வழியில் விழுப்புரம் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்தது நடந்தபடி.

காலை பத்து மணி. பந்தல், நாதஸ்வரம், பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆடுகளைக் காணோம். ஓய்வு மையத்துக்குப் பூட்டு. எங்கள் டிரெய்லர்கள் வரிசையாக. முதல் கல்லுக்கு ரோஜா மாலை. மு.வுக்கும் மாலை. எந்த மாலை பெரியது என்று அவர் ஓரக்கண்ணால் பார்த்ததை நான் பார்த்தேன்.

பேச்சு, பேச்சு, பேச்சு. தருமபுரியின் கடல்வாசல் என்றார் ஒருவர்.

கொடி அசைத்தார்கள். கிரேன் அசையவில்லை. மரியதாஸ் கீழேயே நின்றார், கையைக் கட்டிக்கொண்டு. பிரபாகர் ஓடினான்.

"ஏறுங்க, என்ன பண்றீங்க?"

"கல்லு இருபத்திநாலு டன் சார். ஏறமாட்டேன்."

"ஃபார்ம்ல பத்தொன்பதுன்னு இருக்கு!"

"ஃபார்ம தூக்கச் சொன்னா ஏறுறேன் சார்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிரபாகர் முகம் கறுத்தது. "யார் உங்களுக்கு இருபத்திநாலுன்னு சொன்னது?"

மரியதாஸ் என்னைப் பார்த்தார். ஒரு நொடி. நான் என் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும் சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கிரேனை வாடகைக்கு விட்ட கம்பெனியின் சூப்பர்வைசர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே ஏறினார். வீரன். மரியதாஸ் தளத்தில் நின்ற சுமைக்காரர்களை, போட்டோகிராபரை, நாதஸ்வரக்காரரை எல்லாம் தள்ளித் தள்ளி அந்தப் பக்கமாக விரட்டினார். மு. மட்டும் நகரவில்லை. போட்டோவில் கல்லோடு இருக்க வேண்டுமாம். பாய்தான் மாலையோடு சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தார்.

கல் எழுந்தது. கிட்டத்தில் இருக்கும்வரை ஒன்றுமில்லை. கைதட்டல். கிரேன் கையைக் கப்பலை நோக்கி நீட்ட நீட்ட ஒரு அலாரம். கீ கீ என்று. கைதட்டலில் அது பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. அப்புறம் தரைக்குள் ஏதோ உடைகிற சத்தம். கிரேனின் முன்கால் ஒன்று சிமென்டைப் பொத்துக்கொண்டு இறங்கியது. பின்கால் தரையை விட்டு எழுந்தது. நான் பார்த்தேன். அதற்குக் கீழே அந்தப் பக்கத்துக் கடல் தெரிந்தது.

எல்லோரும் ஓடினார்கள். மரியதாஸ் எதிர்ப்பக்கம் ஓடினார், கிரேனுக்கு நேர் முன்னால். கேபினில் இருந்தவர் கண்ணுக்குத் தெரியும்படி நின்று கையை மேலும் கீழும் ஆட்டினார். "கைய மடக்காத! எறக்கு! அப்படியே எறக்கு!" அந்த ஆள் உறைந்துபோயிருந்தார். மரியதாஸ் கெட்ட வார்த்தை சொன்னார். அதற்குத்தான் அவருக்கு உயிர் வந்தது. கல் தடாலென்று தளத்தின் விளிம்பில் இறங்கியது. மூலை சிதறியது. பின்கால் திரும்பத் தரையைத் தொட்டது.

யாருக்கும் அடியில்லை. சூப்பர்வைசரை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள்.

மு. முதலில் கேட்டது: "கல்லு ரெண்டாயிருச்சா?"

பிரபாகர் முதலில் சொன்னது: "யாரும் வீடியோ எடுக்கலையே?"

மரியதாஸ் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். நான் போய்ப் பக்கத்தில் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

கல்லெல்லாம் திரும்பி வந்தாகிவிட்டது. மு. இரண்டு நாளாக எல்லோரிடமும், "எனக்கு மொதல்லயே டவுட்டு" என்கிறார். என் காதாலேயே கேட்டேன். மாம்பழக்கூழ் ஆலைக்காரரிடம் போனில்: "நான் சொன்னேங்க, நேர்ல போயி பாத்துட்டு வரச் சொன்னதே நான்தானே."

என் ரிப்போர்ட் அவர் மேஜையில் டீ கிளாஸுக்குக் கீழே இருக்கிறது. வட்ட வட்டமாகக் கறை.

நாளை ஆடிப் பதினெட்டு. ஒகேனக்கல்லுக்குப் போகலாமா என்று இவர் கேட்டார். கூட்டம் என்றேன். தண்ணீரையே பார்க்கப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

மரியதாஸை சஸ்பெண்ட் செய்துவிட்டார்களாம். இஸ்மாயில் பாய் சொன்னார், துறைமுகத்து லாரி டிரைவர்கள் மூலம் வந்த செய்தி. பிறகு பாயே மரியதாஸுக்குப் போன் போட்டும் கேட்டிருக்கிறார். கிரேனில் ஏதோ கைவைத்துக் கெடுத்துவிட்டுத்தான் ஏற மறுத்தார் என்று கதை கட்டியிருக்கிறார்கள். முன்னாலேயே எச்சரித்ததற்கு ஆதாரம் இல்லையாம். படிவத்தில் பத்தொன்பதுதானே இருக்கிறது.

"போன்ல நீ அனுப்பின ரசீத அவரு காட்டினா போதுமேம்மா?" என்றார் பாய்.

"காட்டலையா?"

"காட்டினா உம் பேரு வருமே. அதான் காட்டலையாம்."

வெங்காயம் வெட்டும்போது இவரிடம் சொன்னேன். டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார். அணைத்தது எனக்கே ஆச்சரியம். கடைசியில், "நீ டைப் பண்ணது தப்பு. ஆனா இதுல போயி மாட்டினா வேல போயிரும்" என்றார். இரண்டுமே எனக்குத் தெரிந்ததுதான்.

பிரபாகரை, மு.வை, அந்தச் சூப்பர்வைசரை நினைத்து வாய் கசந்துகொண்டிருந்தேன் இத்தனை நாள். இன்று அவர்கள் யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஜிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றவள்தான் வருகிறாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காற்று நின்றுவிட்டது. புழுக்கம். காலை யார்டில் இரண்டு லோடு, மெட்ராஸுக்கு. பதினொரு மணிக்கு மரியதாஸை நானே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தார்.

"சொல்லுங்கம்மா. கருவாடு நல்லா இருந்துச்சா?"

கல் அறுக்கும் மெஷின் சத்தம். வெளியே வேப்பமரத்தடிக்குப் போனேன்.

"விசாரணை என்னைக்குங்க?"

"வியாழக்கெழம. ஒண்ணும் ஆவாதும்மா, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

"நீங்க என்கிட்ட சொன்னீங்க. வாளிய நீட்டிக் காட்டினீங்க. ரசீத நான்தான் அனுப்பினேன். ஃபார்ம்ல பொய்யா அடிச்சதும் நான்தான். வந்து சொல்றேன். பாயும் வர்றேங்கறாரு."

உள்ளே இருந்து மு., "ஏம்மா, அந்த லோடு பேப்பர் எங்க?" என்று கத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை.

"சாட்சி பேரு முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும்மா" என்றார் மரியதாஸ். "மேடம்னே கூப்பிட்டாங்க எல்லாரும். உங்க பேரு என்னாங்க?"

பேனா இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்.

"பி. மாதம்மாள்" என்றேன். ஒவ்வொரு எழுத்தாக, அவர் எழுதி முடிக்கும்வரை.